மலையகத்துச் சிறிய அலைவரிசைக்கு நிகழ்ச்சி நிரல் போடுவது எப்படி?

பார்ப்பவர் அலைவரிசையை மாற்றுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும்போது, விளம்பர இடைவேளை தொடங்கும்போது. கதை சூடாக ஓடிக்கொண்டிருக்கையில் ரிமோட்டைத் தேடுபவர்கள் குறைவு. எந்தக் கட்டத்தில் எந்த நிகழ்ச்சி என்று நிரப்பி முடித்ததும் நிகழ்ச்சி நிரல் தயார் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையிலுள்ள மூட்டுகளைப் பார்ப்பது மீதிப் பாதி. கடினமானதும் அதுதான்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை பக்கம் கேபிள் வழியாக ஒரு தமிழ் அலைவரிசையை நாலைந்து பேர் சேர்ந்து நடத்த முன்வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். உங்களுக்கு எதிரே சக்தி, வசந்தம், நேத்ரா என்ற இலங்கைத் தமிழ் அலைவரிசைகள் இருக்கின்றன. டிஷ் வழியாகத் தமிழ்நாட்டு அலைவரிசைகள் எல்லாம் இருக்கின்றன. 2006 ஏப்ரலில் இருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே கடிகாரம் என்பதால், சென்னையில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் நாடகம் மஸ்கெலியாவிலும் 8 மணிக்கே தொடங்குகிறது. போட்டி நேருக்கு நேர்தான்.

படி 1: பார்ப்பவரின் நாளை எழுதுங்கள்

நிகழ்ச்சிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு பெரிய தாளை எடுத்து, அதிகாலை 4.30 முதல் இரவு 10 வரை கால்மணிக்கு ஒரு வரியாகப் போடுங்கள். 70 வரிகள் வரும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று பத்திகள்: வீட்டில் யார் இருக்கிறார்கள், ரிமோட் யார் கையில், அவர்களுக்குக் கண் ஓய்வா அல்லது காது மட்டும்தான் ஓய்வா.

மூன்றாவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து வீடுகளில் காலை 5 மணிக்கு விளக்கு எரிகிறது. அடுப்பில் ரொட்டி, ஒரு பக்கம் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை, இன்னொரு பக்கம் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும் அவசரம். டிவி ஓடும், ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். அந்த நேரத்துக்கு எழுத்தும் வரைபடமும் நிறைந்த நிகழ்ச்சி வீண். பக்திப் பாட்டு, இன்றைய வானிலை, வீதி நிலைமை, ரயில் தாமதம் ஆகியவற்றைக் குரலில் சொல்லுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மணியையும் குரலிலேயே சொல்லுங்கள். காலையில் அலைவரிசை செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி அதுதான். மழை வருமா என்பதை 6 மணிக்கு முன் சொல்லிவிட்டால், மழைக்குக் கட்டிக்கொள்ளும் படங்கையும் ரப்பர் சீட்டையும் எடுத்து வைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

காலை 7.30 முதல் நண்பகல் வரை மலையில் கொழுந்து பறிக்கிறார்கள், பிள்ளைகள் பாடசாலையில் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஓய்வு பெற்றவர்களும் கைக்குழந்தை உள்ள தாய்மாரும். புதிய நிகழ்ச்சிக்கு இது நேரமல்ல. முந்தைய இரவின் மறு ஒளிபரப்புக்கு நல்ல நேரம். நண்பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருபவர்கள் இருக்கும் தோட்டங்களில் 12 மணியை ஒட்டி ஒரு சிறு அலை எழும். ஐந்து நிமிடச் செய்தி ஒன்றை அங்கே வையுங்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள்.

மாலை 4.30க்கு மேல் வேலை முடிந்தாலும் டிவிக்கு முன் உட்கார நேரமாகும். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, தண்ணீர் பிடித்து, விறகு கொண்டுவந்து, குளித்து, விளக்கேற்றி, சமையலைத் தொடங்க 6.30 ஆகிவிடும். உட்கார்ந்து பார்ப்பது 7 மணியிலிருந்து. மறுநாளும் 4.30க்கு எழ வேண்டும் என்பதால் 9.30க்குப் பல வீடுகளில் விளக்கு அணைந்துவிடுகிறது. கொழும்பு அலைவரிசைகள் இரவு 10.30க்குப் புதிய நிகழ்ச்சி தொடங்குவதைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள். தோட்டப் பகுதியில் உங்கள் உச்ச நேரம் இரண்டரை மணித்தியாலம்தான். முதல் ஒளிபரப்பு எதையும் 9 மணிக்குப் பிறகு தொடங்க வேண்டாம்.

ஹட்டன் நகரத்துக் கடை வீடுகளின் நாள் வேறு. கடை பூட்டி வர 8 மணி ஆகும், படுக்கப் 10.30 ஆகும். உங்கள் இணைப்புகளில் எத்தனை நகரத்தில், எத்தனை தோட்டத்தில் என்று கேபிள் பட்டியலைப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் தாளை முடிக்க வேண்டும். ஞாயிறுக்குத் தனித்தாள் போடுங்கள். காலையில் துணி துவைப்பு, கோயில், நகரத்துக்குச் சாமான் வாங்கப் போவது. பிற்பகல் 2 மணிக்குத்தான் வீடு நிறைகிறது.

படி 2: எதிரே ஓடுவதைக் கடிகாரத்தோடு பாருங்கள்

ஒரு வாரம், ஒவ்வொரு மாலையும் 6 முதல் 10 வரை, இரண்டு பெரிய அலைவரிசைகளைக் கைக்கடிகாரத்தோடு பார்த்துக் குறியுங்கள். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு உண்மையில் தொடங்குகிறது, முதல் இடைவேளை எப்போது, எவ்வளவு நீளம், அடுத்தது எப்போது. ஒரே தொடருக்கு இடைவேளைகள் பெரும்பாலும் ஏறத்தாழ அதே நிமிடங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்த நிமிடங்களில்தான் ரிமோட் உங்கள் அலைவரிசையைக் கடந்து போகும். கடக்கும்போது உங்கள் திரையிலும் விளம்பரம் ஓடினால் அவர் நிற்க மாட்டார்.

இதிலிருந்து வரும் முதல் விதி, பெரிய நாடகத்துக்கு எதிரே நாடகம் போடாதீர்கள் என்பது. அவர்களின் படப்பிடிப்புச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட உங்களிடம் இருக்காது. எதிரே நாடகம் என்றால் உங்களிடம் வேறு சுவை இருக்க வேண்டும். இதை கவுன்டர்-புரோகிராமிங் என்பார்கள், எதிர்நிலை ஒளிபரப்பு என்று சொல்லலாம். வீட்டில் நாடகம் பார்க்காதவர் யார் என்று கேளுங்கள். இளைஞர்களும் ஆண்களும் என்றால் உள்ளூர்க் கிரிக்கெட், கரப்பந்தாட்டச் சுற்றுகள். ஆனால் ஐபிஎல் காலத்தில் இரவு ஆட்டம் 7.30க்குத் தொடங்கும், அந்த வாரங்களில் விளையாட்டை அந்நேரத்தில் வைப்பது வீண்.

இரண்டாவது, உங்களிடம் மட்டுமே இருப்பதை முன்னே நிறுத்துங்கள். நோர்வூட்டில் மண்சரிந்து வீதி மூடியதா, கெப்பெட்டிபொல சந்தையில் லீக்ஸ் என்ன விலை, எந்தப் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி, யார் வீட்டில் மரணம், எந்தக் கோயிலில் தேர். சென்னையிலும் கொழும்பிலும் இருப்பவர்கள் இதைத் தர முடியாது. 4 நிமிட உள்ளூர்ச் செய்திச் சுருக்கத்தை, பெரிய நாடகத்தின் நீளமான இடைவேளை தொடங்கும் நிமிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். இடைவேளையில் வந்தவர் நாடகத்துக்குத் திரும்பிப் போவார், போகட்டும். நாளை அதே இடைவேளையில் மறுபடி வருவார். அந்தப் பழக்கம்தான் சிறிய அலைவரிசையின் முதலீடு.

மழையும் போட்டியின் ஒரு பகுதிதான். வீட்டு டிஷ்கள் பெறும் கேயூ-பேண்ட் அலை ஏறத்தாழ 12 கிகாஹேர்ட்ஸ். அடர்ந்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் படத்தை உறையவைக்கும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை; பதுளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாலைகளில் டிஷ் நின்றுபோன வீட்டில் கேபிளும் இருந்தால் உங்களைத் தேடி வருவார்கள். அப்போது ஓட்டுவதற்கென்று தனியாக முடியும் 20 நிமிட நிகழ்ச்சிகள் ஐந்தாறு தயாராக இருக்கட்டும். தொடர்கதையின் 40ஆம் பகுதியைப் புதிதாக வந்தவர் விளங்கிக்கொள்ள மாட்டார்.

படி 3: ஒரு தூணை நட்டு, சுற்றிலும் கட்டுங்கள்

எல்லா நேரத்தையும் ஒரே நாளில் வலுப்படுத்த முடியாது. வாரத்தில் ஐந்து நாளும் ஒரே நேரத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். அது தூண். உள்ளூர்ச் செய்தி மாலை 6.50க்கு என்றால் திங்களும் 6.50, வெள்ளியும் 6.50. தினமும் ஒரே நேரத்தில் வைப்பதை ஸ்ட்ரிப்பிங் என்கிறார்கள். வாரம் ஐந்து என்றால் 13 வாரத்துக்கு 65 பகுதிகள் தேவை. கையில் 15 பகுதிகள் முடித்து வைக்காமல் தினசரி நிகழ்ச்சி எதையும் தொடங்காதீர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படப்பிடிப்பு நின்றால், 15 பகுதிக் கையிருப்பு மூன்று வாரம் தாங்கும். 3 பகுதிக் கையிருப்பு புதன்கிழமையே கவிழ்ந்துவிடும். தினசரி நாடகம் சிறிய குழுவுக்கு முடியாத வேலை. 15 நிமிடப் பொது அறிவுப் போட்டி, புலமைப்பரிசில் பரீட்சைப் பயிற்சி, சமையல் ஆகியவை முடியும்.

தூணுக்கு இரு பக்கமும் மற்றவற்றை வைப்பதில் மூன்று முறைகள் உண்டு. தூணுக்கு முன்னால் வரும் நிகழ்ச்சி லீட்-இன், அது ஆளைக் கொண்டுவந்து கொடுக்கும். ஆகவே முன்னால் வருவதும் தூணும் ஒரே ஆளுக்கானதாக இருக்க வேண்டும். சிறுவர் நிகழ்ச்சி முடிந்த உடனே சந்தை விலை என்றால் பிள்ளைகள் எழுந்து போவார்கள், தகப்பன் இன்னும் வந்திருக்க மாட்டார். திரையில் யாருமில்லாத கால்மணி அது. இரண்டாவது, வலுவான இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே புதியதை வைப்பது. இரண்டு மரத்துக்கு இடையில் கட்டிய தொட்டில்போல என்பதால் ஹமொக்கிங் என்பார்கள். முந்தையதைப் பார்த்தவர் அடுத்ததற்காகக் காத்திருக்கையில் நடுவிலுள்ளதையும் பார்த்துவிடுவார். தொட்டிலில் வைப்பது 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, நீண்டால் காத்திருப்பவர் வேறிடம் போய்த் திரும்பி வருவார். மூன்றாவது, வலுவான நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான் என்றால் அதைக் கூடாரக் கம்புபோல நடுவில் நிறுத்தி, இருபுறமும் வலுவற்றவற்றைச் சாய்ப்பது. புதிய அலைவரிசைக்குப் பொருந்துவது இந்த மூன்றாவதுதான். தொட்டில் கட்ட இரண்டு மரம் வேண்டும், முதல் ஆண்டில் உங்களிடம் ஒன்றுதான் இருக்கும்.

படி 4: மூட்டுகளை நிமிடக் கணக்கில் எழுதுங்கள்

இரவு 7.30க்கு ஒரு அரைமணி நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். பலர் செய்வது இதுதான்: 7.28க்கு முந்தையது முடிகிறது, இரண்டு நிமிடம் விளம்பரம், 7.30க்குத் தொடக்கப் பாட்டு ஒரு நிமிடம், 7.31க்கு வரவேற்பு. அந்த மூன்று நிமிடத்தில்தான் மற்ற அலைவரிசைகளில் புதிய நாடகங்கள் தொடங்குகின்றன. ஆளைக் கூட்டி வந்து வாசலிலேயே விட்டுவிட்டீர்கள்.

அதே அரைமணியை இப்படிப் பிரியுங்கள். 7.30.00க்கு நேரடியாக விஷயத்தில் தொடங்கி 9 நிமிடம் ஓட்டுங்கள். தொடக்கப் பாட்டு 8 வினாடி போதும், அதையும் முதல் காட்சிக்குப் பிறகு வையுங்கள். 7.39.00க்கு முதல் இடைவேளை, 2 நிமிடம் 30 வினாடி. 7.41.30க்கு இரண்டாம் பகுதி, 8 நிமிடம். 7.49.30க்கு இரண்டாவது இடைவேளை, 3 நிமிடம் 30 வினாடி. இதற்குள் அடுத்த நிகழ்ச்சியின் 30 வினாடி முன்னோட்டமும், நீட்டவோ குறைக்கவோ கூடிய ஒரு நிமிட நிரப்பியும் அடங்கும். 7.53.00க்கு மூன்றாம் பகுதி, 6 நிமிடம் 50 வினாடி. கடைசிப் 10 வினாடி, 'அடுத்து வருவது' என்ற ஒரே ஒரு வரி. 8.00.00க்கு இடைவெளி இல்லாமல் அடுத்தது தொடங்க வேண்டும்.

நிரப்பியை இரண்டாவது இடைவேளையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நேரடி நிகழ்ச்சி ஒன்று 40 வினாடி நீண்டுவிட்டால் அந்த நீட்சியை அங்கே வெட்டிவிடலாம், முழுமணி மூட்டு அசையாது. நிரப்பியைக் கடைசியில் வைத்தால், நேரம் மிஞ்சும் நாளெல்லாம் ஆளை இழக்கும் மூட்டில் பூக்களும் நீர்வீழ்ச்சியும் ஓடிக்கொண்டிருக்கும்.

இடைவேளைக்கு முன்னான கடைசி வினாடியில் ஒரு கேள்வியை விட்டுச் செல்லுங்கள். போட்டி நிகழ்ச்சியில் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய், விடையை வந்து சொல்லலாம். பொய்யான பரபரப்பு வேண்டாம். இடைவேளைக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒருமுறை கண்டவர் அடுத்த முறை காத்திருக்க மாட்டார்.

பாலம் போடுவது என்று ஒரு முறையும் உண்டு. எதிரே 8 மணிக்குப் பெரிய நாடகம் தொடங்கும் என்றால் உங்கள் நிகழ்ச்சியை 7.40க்குத் தொடங்கி 8.10 வரை ஓட்டுவது. 8 மணிக்கு உங்கள் கதை நடுவில் இருக்கும், எழ மனம் வராது. வேலை செய்யும் முறைதான், ஆனால் வாரத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வையுங்கள். 7.40, 8.10 போன்ற நேரங்கள் பலர் மனதில் நிற்பதில்லை.

படி 5: முன்னோட்டம்

முன்னோட்டத்தில் சொல்ல வேண்டியது நாள், நேரம், அலைவரிசை எண். இந்த வரிசையில், எழுத்திலும் குரலிலும். மிக அழகாக வெட்டி ஒட்டிய 45 வினாடி முன்னோட்டத்தில் நேரத்தைச் சொல்ல மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 20 வினாடி போதும். புதிய நிகழ்ச்சிக்குத் தொடங்கும் நாளுக்கு முந்தைய ஐந்து நாளும், உச்ச நேரத்தில் ஒரு மாலைக்கு நான்கு தடவை போடுங்கள். எந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவர் இதையும் பார்ப்பாரோ அந்த நிகழ்ச்சிக்குள் வையுங்கள். பரீட்சைப் பயிற்சிக்கான முன்னோட்டத்தைத் தாய்மார் பார்க்கும் சமையல் நிகழ்ச்சியில் போட்டால் பலன் தரும், இரவுக் கிரிக்கெட்டில் போட்டால் தராது.

படி 6: ஓட விடுவதும் அதில் நடக்கும் பிழைகளும்

நிகழ்ச்சி நிரல் தாளில் சரியாக இருந்து திரையில் தவறுவது அன்றாடம் நடப்பது. கணினியில் ஓட்டுபவர்கள் காஸ்பார்சிஜி போன்ற இலவச மென்பொருளையே பயன்படுத்தலாம். எதைப் பயன்படுத்தினாலும் கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு இணைத்துவையுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை ஒளிபரப்பு நேரத்தில் நிறுத்திவையுங்கள். உச்ச நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் செய்துகொண்டால் இரண்டு வாரம் சேர்த்த பழக்கம் ஒரே இரவில் போகும்.

கோப்புகள் அனைத்தும் வினாடிக்கு 25 சட்டகமாக (ஃபிரேம்) இருக்கட்டும். ஒலி அளவு அனைத்துக்கும் ஒரே அளவு; ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் வைக்கும் -23 எல்யூஎஃப்எஸ் (ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) நல்ல இலக்கு. உரையாடல் மெதுவாகவும் விளம்பரம் கத்தலாகவும் இருந்தால், ஒலியைக் குறைக்க ரிமோட்டை எடுத்தவர் அலைவரிசையையும் மாற்றிவிடுவார். ஒவ்வொரு கோப்பின் முதல் 10 வினாடியையும் கடைசி 10 வினாடியையும் ஒருவர் கண்ணால் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். கறுப்புத் திரையும் வெட்டுப்பட்ட வசனமும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மின்சாரம் தனியாகப் பேச வேண்டியது. காற்றில் மரம் விழுந்து ஒரு தோட்டத்துக்கு மட்டும் கரண்ட் போகும். கேபிள் வழியிலுள்ள பெருக்கிகளுக்கும் கரண்ட் வேண்டும், ஒன்று நின்றால் அதற்கு அப்பாலுள்ள வீடுகள் எல்லாம் போய்விடும். நிலையத்தில் குறைந்தது ஒரு மணித்தியாலம் தாங்கும் யூபிஎஸ் வையுங்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியுடன் மழை வரும்போது டிஷ் வயர்களுக்கு இடிதாங்கி இல்லாவிட்டால் கருவிகள் கருகும். நிலையமே நின்று கரண்ட் திரும்பி வந்தால், நின்ற இடத்திலிருந்து தொடராதீர்கள். அந்த நிமிடத்தில் நிரலில் என்ன ஓட வேண்டுமோ அங்கே போய்ச் சேருங்கள். 25 நிமிடம் பின்தங்கி ஓடும் அலைவரிசை அன்றிரவு முழுதும் எல்லோருக்கும் பொய் சொல்கிறது. தவறிப்போன பகுதியை மறுநாள் நண்பகலில் போட்டு, அதைத் திரையின் கீழே ஓடும் எழுத்தில் இரவே அறிவித்துவிடுங்கள்.

எந்த நிரலையும் முறிக்கலாம் என்ற அனுமதி ஒன்றுக்கு மட்டும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் தருகிறது. மஞ்சளுக்கு ஓடும் எழுத்து. செம்மஞ்சளுக்கு ஒவ்வொரு இடைவேளையிலும் குரல் அறிவிப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்று பொருள், ஓடுவது எதுவானாலும் உடனே நிறுத்துங்கள். பிரதேச செயலகப் பிரிவின் பெயரை முழுமையாகச் சொல்லுங்கள். யார் முடிவெடுப்பது, இரவு 2 மணிக்கு நிலையத்துக்கு யார் போவது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவையுங்கள். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் மண்திட்டு நிற்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வேலைக்காகவே உங்கள் அலைவரிசை தேவை.

படி 7: பண்டிகையும் திருவிழாவும்

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். வீட்டில் ஆள் இரட்டிப்பாகும், ரிமோட் இளையவர் கைக்குப் போகும். அந்த மூன்று நாளுக்குத் தனி நிரல் வேண்டும். மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் இரவில் மக்கள் வெளியே இருப்பார்கள், அப்போது முக்கியமான புதிய தொடரைத் தொடங்காதீர்கள். கூத்தைப் பதிவுசெய்து ஞாயிறு பிற்பகலில் போடுங்கள். தங்களைத் திரையில் பார்க்க ஊரே உட்காரும். பதிவுக்கு முன் கூத்து மாஸ்டரிடமும் கோயில் பரிபாலன சபையிடமும் அனுமதி கேட்பது முறை.

படி 8: அளந்து பார்த்து மாற்றுங்கள்

மீட்டர் வைத்து அளக்கும் நிறுவனங்களின் கணக்கு சிறிய அலைவரிசைக்குக் கிடைக்காது. 40 வீடுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரத்துக்குக் கொப்பி கொடுங்கள். நகரம், தோட்டம் இரண்டும் உங்கள் இணைப்புகளின் விகிதத்தில் இருக்கட்டும். மாலை 6 முதல் 10 வரை கால்மணிக்கு ஒரு கட்டம், எது ஓடியது என்று பாடசாலைப் பிள்ளை ஒருவர் குறிக்கட்டும். குடும்பத்தின் மற்ற விபரம் எதையும் கேட்காதீர்கள்.

எண்ணும்போது இரண்டு கணக்குகளைக் குழப்பக் கூடாது. 40 வீட்டில் 20 வீட்டில்தான் டிவி ஓடியது, அதில் 8 வீட்டில் உங்கள் அலைவரிசை என்றால், எல்லா வீட்டிலும் நீங்கள் நூற்றுக்கு 20. இது ரேட்டிங். ஓடிய டிவிகளில் நீங்கள் நூற்றுக்கு 40. இது ஷெயார். விளம்பரதாரருக்கு முதலாவது முக்கியம். நிரல் போடுபவருக்கு இரண்டாவது, ஏனென்றால் காலை 5.30க்கு ரேட்டிங் குறைவாக இருப்பது உங்கள் தவறல்ல. ஷெயார் குறைவாக இருந்தால் உங்கள் தவறு.

அடுத்து மூட்டுகளைப் பாருங்கள். 7.15க்கு 12 வீடு, 7.30க்கு 5 வீடு என்றால் 7.30 நிகழ்ச்சி மோசம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முந்தைய நிகழ்ச்சியும் இதுவும் வேறு வேறு ஆளுக்கானவையா, நடுவில் விளம்பரம் நீண்டதா, எதிரே அன்று ஏதாவது விசேஷமா என்று மூன்றையும் பார்த்த பிறகே நிகழ்ச்சியைக் குறை சொல்லலாம். முதலில் மூட்டைத் திருத்தி இரண்டு வாரம் விடுங்கள், பிறகு இன்னொரு வாரக் கொப்பி எடுங்கள்.

நேரத்தை மாற்றுவது கடைசி மருந்து. ஒரு நிகழ்ச்சிக்கு 13 வாரம் கொடுங்கள், அதற்குள் அதை இடம் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு மாலையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் பழைய நேரத்திலேயே புதிய நேரத்தைச் சொல்லுங்கள். மாறிய பிறகும் இரண்டு வாரம், பழைய நேரத்துக்கு வந்து தேடுபவருக்காக, அந்த நிகழ்ச்சி இப்போது எப்போது வருகிறது என்ற 10 வினாடி அறிவிப்பைப் பழைய இடத்தில் ஓட்டுங்கள்.